தேய்க்காதீர்கள் என்று எழுதியவள்

1

இந்தக் கதை ஒரு களிம்பு டப்பாவுக்குள் மடித்து வைக்கும் துண்டுச்சீட்டிலிருந்து வந்தது. மற்றவர்களுக்குக் கதை கனவில் வருகிறது, ரயிலில் யாரோ பேசியதைக் கேட்டு வருகிறது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துனிசியாவில், ஸ்ஃபாக்ஸ் ஊருக்கு வெளியே, ஆலிவ் எண்ணெய் ஆலைகளுக்குப் பக்கத்தில், தோலுக்குக் களிம்பு செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் துண்டுச்சீட்டு எழுதுவதுதான் என் வேலை. பத்தொன்பது வருஷமாகிறது. எட்டாக மடித்த அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். டப்பாவைத் திறந்ததும் முதலில் கீழே விழுவது அதுதான், முதலில் குப்பைக்குப் போவதும் அதுதான்.

ஒருத்தி மட்டும் படித்தாள். என் தம்பி மகள் எம்னா. இந்தக் கதையை எழுதச் சொன்னவளும் அவள்தான்.

ஒரே வீடு. கீழே எம்னாவும் அவள் அம்மா நஸீஹாவும், மேலே நான். தம்பி பிரான்சில், லியோனில் வேலை பார்க்கிறான், கோடைக்கு வருவான். எட்டு மாதமாக எம்னா என்னோடு பேசுவதில்லை. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கினால் நஸீஹா அதில் ரொட்டி வைத்து அனுப்புவாள், அவ்வளவுதான் போக்குவரத்து. ஒருநாள் ரொட்டிக்கு அடியில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது.

"அத்தை, ஊருக்கெல்லாம் சீட்டு எழுதுறீங்களே, எனக்கு ஒண்ணு எழுதுங்க. அன்னைக்கு ஹம்மாம்ல நடந்ததை எழுதுங்க. நீங்க சொன்னதை விட்டுடாம எழுதுங்க. சரியா இருந்தா மேல ஏறி வந்து உங்க கையால காப்பி குடிப்பேன். இல்லேன்னா கூடையே போதும்."

எம்னா பள்ளிக்கூட வாத்தியார். எதையும் இருபதுக்குத்தான் அளப்பாள். பத்து வாங்கினால் தேர்ச்சி.

ஆகவே வாசகரே, நீங்கள் படிப்பது கதை இல்லை, பரீட்சைத் தாள். ஓரத்தில் சிவப்பு மை தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

2

முதல் தொடக்கம்:

'ஆவி சூழ்ந்த கூடத்தில், கூரையின் வட்டக் கண்ணாடிகள் வழியே இறங்கிய வெளிச்சத்தில், மணப்பெண் ஒரு பளிங்குச் சிலையைப் போல—'

நிறுத்திவிட்டேன். எம்னா எந்தக் காலத்திலும் சிலை மாதிரி இருந்ததில்லை. உட்கார்ந்த இடத்தில் நெளிந்துகொண்டே இருப்பாள், சொறியாமல் இருக்க முடியாத பிள்ளை.

இரண்டாம் தொடக்கம்:

'தோல் நம் உடலின் மிகப் பெரிய உறுப்பு ஆகும்.'

தொழில் புத்தி. பத்தொன்பது வருஷமாக எந்தத் தாளை எடுத்தாலும் கை இதைத்தான் முதலில் எழுதுகிறது.

மூன்றாம் தொடக்கம்:

'எல்லாவற்றுக்கும் காரணம் மாப்பிள்ளையின் அம்மா ஸக்கியாதான்.'

இது வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரே மூச்சில் ஆறு பக்கம் எழுதி, கூடையில் வைத்து, கூடவே எங்கள் களிம்பு ஒரு டியூபையும் போட்டு இறக்கினேன். மறுநாள் மதியம் கூடை மேலே வந்தது. டியூப் அப்படியே இருந்தது. தாளின் மூலையில் 4/20. பக்கத்தில் எழுதியிருந்தாள்: "நாலும் கையெழுத்துக்கு."

3

இங்கே கதையை நிறுத்திவிட்டுத் தோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் அடுத்த எண்ணுக்குத் தாவலாம். (தாவாதீர்கள். இது தெரியாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குப் புரியாது. புரியாமலே என்னை மன்னித்துவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம்.)

நம் தோலின் மேல்பரப்பு செத்தது. செத்த செல்கள் தட்டையாகி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினைந்து இருபது அடுக்குக் கிடக்கின்றன. அவற்றின் இடுக்கில் ஒரு கொழுப்பு. அதில் ஏறக்குறையப் பாதி செராமைடு என்ற வகை, மீதி கொலஸ்ட்ராலும் சில கொழுப்பு அமிலங்களும். உடம்புக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் சோப்பையும் தூசியையும் கிருமியையும் உள்ளே விடாமலும் பிடித்து வைத்திருப்பது இந்த மெல்லிய பரப்புதான். நாம் உயிரோடு இருப்பதைச் செத்த ஒன்றுதான் காவல் காக்கிறது. எம்னா மாதிரிப் பிறந்தவர்களுக்கு அந்தக் கொழுப்பில் செராமைடு குறைவு. தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், தோல் வறண்டு வெடிக்கும், வெடித்த வழியே கண்டதும் நுழையும், அரிக்கும். அரித்தால் சொறிவார்கள், சொறிந்தால் இருக்கிற காவலும் போகும்.

சீட்டில் இதை விளக்க நான் மல்சூக்காவை எழுதினேன். நோன்பு மாதத்தில் முட்டை வைத்து மடித்துப் பொரிப்போமே, அந்த மெல்லிய மாவுத்தாள். நடுவில் எண்ணெய் தடவாமல் அடுக்கி வைத்தால் ஓரத்திலிருந்து காய்ந்து, கையில் எடுக்கும்போதே நொறுங்கும். தோலும் அப்படித்தான் என்று எழுதினேன். எங்கள் முதலாளி ரிதா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன வஸீலா இது, மருந்துச் சீட்டா, நோன்பு திறக்கிற சமையல் பட்டியலா? படிச்சா பசிக்குது."

"புரியணுமில்ல, முதலாளி."

"உலகம் பூரா செங்கல் சுவருன்னுதான் எழுதறான். செல்லு செங்கல், கொழுப்பு சிமெண்டு. நீயும் அதையே எழுது."

எழுதினேன். அடுத்த சண்டை ஒரு சொல்லுக்காக. எங்கள் களிம்பில் இருப்பது அசல் செராமைடு இல்லை. அசலின் விலையைக் கேட்டால் ரிதாவுக்கு நெஞ்சு வலி வரும். ஆய்வகத்தில் அதே சாயலில் செய்த, செராமைடு போன்ற ஒரு பொருள் அது. தோல் அதைப் பெரிதாக விசாரிப்பதில்லை. காலி இடுக்கு இருந்தால் வாங்கி உட்கார வைத்துக்கொள்ளும். கூடக் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் சேர்த்துக் கொடுத்தால் தண்ணீர் ஓடுவது மெல்ல மெல்லக் குறையும். வாரக்கணக்கில் தடவ வேண்டும். நிறுத்தினால் பழையபடி ஆகும். இவ்வளவுதான் விஷயம், இதில் மந்திரம் எதுவும் இல்லை. டப்பாவில் 'செராமைடு போன்ற' என்று போட வேண்டும் என்றேன்.

"போன்றன்னு போட்டா எவன் வாங்குவான்? புருஷன் போன்ற ஒருத்தன்னு வரன் வந்தா நீ கட்டிக்குவியா?"

"கட்டியிருப்பேன், முதலாளி. அசல் எதுவும் வரலையே."

சிரித்துவிட்டார். 'போன்ற' மிகச் சின்ன எழுத்தில் டப்பாவில் ஏறியது. சீட்டின் அடியில் பயன்படுத்தும் முறை: ஈரம் காய்வதற்குள் தடவவும், கொதிக்கும் நீர் வேண்டாம், காரமான சோப்பு வேண்டாம். நாலாவது வரியை யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தேன். தேய்க்காதீர்கள்.*

* வாரம் தவறாமல் ஹம்மாம் என்கிற பொது வெந்நீர்க் குளியல்கூடத்துக்குப் போய், முதுகு சிவக்கத் தேய்த்துவிட்டால்தான் குளித்த மாதிரி என்று நினைக்கிற ஊர் இது. இங்கே அந்த வரியை எழுத ஒரு திமிர் வேண்டும். எனக்கு இருந்தது. அந்தத் திமிரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

4

எம்னாவுக்கு மூன்றாம் மாதத்தில் முழங்கை மடிப்பில் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு, பெருநாளைக்கு நாங்கள் வெங்காய-திராட்சைக் குழம்போடு சாப்பிடும் உப்புமீனின் பெயரை வைத்தார்கள். "உப்புமீனு வருது, வெங்காயமும் திராட்சையும் வதக்கி வைங்கடா" என்று பையன்கள் கத்துவார்களாம். அவள் அதை வீட்டில் சொன்னதே இல்லை. வாத்தியாராகி, தன் வகுப்பில் ஒரு பையனை யாரோ அப்படிக் கூப்பிட்ட அன்றுதான் சொன்னாள்.

இந்தப் புதுக் களிம்பு வந்ததும் அச்சுப் பிசகிய டியூப்களை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பதினான்கு மாதம். குளித்து வந்ததும் அவளுக்கு எட்டாத முதுகில் நான் தடவுவேன். முதல் மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒருநாள் நஸீஹா மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"அண்ணி, இந்த வாரம் போர்வைல ரத்தமே இல்ல."

"சரியாத் துவைச்சியா?"

"துவைக்கறதுக்கு முன்னாடிதான் சொல்றேன்."

அடுத்த கோடையில் எம்னா அரைக்கை சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். உள்ளே போய் அழுதேன். சந்தோஷத்தில் என்று எழுதத் தோன்றுகிறது. சந்தோஷம்தான், ஆனால் அதில் கர்வமும் இருந்தது. அந்தக் கைகளை நான் செய்தேன் என்று நினைத்தேன்.

பிறகு வரன் வந்தது. அனீஸ், அவளோடு வேலை பார்க்கிறவன். அவன் வீட்டுக்குத் தோல் விஷயம் தெரியாது. "கல்யாணம் ஆகட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றாள் நஸீஹா. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து மணப்பெண்ணை ஹம்மாமுக்குக் கூட்டிப் போவது எங்கள் வழக்கம். அதற்கு முந்தின நாள் எம்னா மேலே வந்தாள்.

"அத்தை, அங்க நான் வாயைத் திறக்கக் கூடாது. மணப்பொண்ணு பேசினா நாக்கு நீளம்னுடுவாங்க. நீங்கதான் சொல்லணும்."

"என்னன்னு?"

"வீட்லயே தேய்ச்சாச்சு, தண்ணி மட்டும் ஊத்துங்கன்னு. உங்க நாலாவது வரிதான்."

"சொல்றேன்டி."

"சத்தியமா?"

"அதை எழுதினவளே நான். என்கிட்டயே சத்தியம் கேக்கறியா?"

5

இப்போது ஷாத்லியா. ஹம்மாமில் தேய்த்துவிடுகிறவள். எங்கள் பேச்சில் ஹர்ஸா.

முதல் வரைவில் அவளுக்கு ஒரு தங்கப்பல் வைத்தேன். தடித்த குரல், ஈவிரக்கமில்லாத கை. 'இரையைக் கண்ட—' என்று ஒரு வாக்கியம்கூட ஆரம்பித்தேன், நல்லவேளை முடிக்கவில்லை. எம்னா ஓரத்தில் கேட்டிருந்தாள்: "ஷாத்லியாவுக்குத் தங்கப்பல் எப்ப முளைச்சுது?"

முளைக்கவே இல்லை. ஷாத்லியாவுக்கு ஐம்பது வயது, எல்லாப் பற்களும் அவளுடையவை. வாய் கொஞ்சம் அசிங்கமாகப் பேசும், ஆனால் சிரிப்பு வரும்படி பேசும். நாள் முழுக்க வெந்நீரிலும் சோப்பிலும் கிடந்து விரல் நுனியெல்லாம் வெடித்து, பிளாஸ்திரி சுற்றியிருப்பாள். அவளுடைய காவல் போய் இருபது வருஷம் இருக்கும். "என் கையில ஏதுடி தோலு, கையுறைதான் தோலு" என்பாள்.

ஒரே ஒரு விஷயத்தில் அவளுக்குப் பிடிவாதம். சொரசொரப்பான அந்தக் கையுறையால் தேய்க்கும்போது அழுக்கு திரிதிரியாக உருண்டு வர வேண்டும். வந்ததை விரலில் எடுத்து உங்களிடமே காட்டுவாள், "பாரு, இதையெல்லாம் சுமந்துக்கிட்டா திரிஞ்சே?" என்று. திரி வராவிட்டால் அவள் கை தளர்ந்துவிட்டது என்று மற்ற பெண்கள் பேசுவார்கள். அதனால் திரி வராத உடம்பில் இன்னும் அழுத்துவாள். எங்கள் ஊரில் எல்லோரும் அதை அழுக்கு என்றுதான் சொல்கிறோம். நானும் முப்பத்தைந்து வயது வரை சொன்னேன். அது அழுக்கு இல்லை, காவல் காக்கும் தோல்தான் என்று இந்த ஊரில் சம்பளம் வாங்கிக்கொண்டு தெரிந்து வைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

இந்தப் பாத்திரத்தை என்னால் கெட்டவளாக்க முடியவில்லை. ஏனென்றால் அவள் கேட்டாள். அடுத்த எண்ணில் பார்ப்பீர்கள்.

6

வெந்நீர்க் கூடம். பதினோரு பெண்கள். நஸீஹாவுக்கு ரத்த அழுத்தம், அவள் வெளி அறையில் துணிகளுக்கும் ஆரஞ்சுப் பைக்கும் காவலாக உட்கார்ந்துவிட்டாள். சூடான கல்மேடையில் ஸக்கியா, மாப்பிள்ளையின் அம்மா, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எம்னாவைப் பக்கத்தில் இழுத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை விரலை ஓட்டினாள்.

"வெண்ணெய் மாதிரி இருக்கே! என்னத்தைப் போட்டு வளர்த்தீங்க, சம்பந்தி?"

நான் என்னவோ பதில் சொன்னேன். [அதைப் பிறகு சொல்கிறேன்.]

ஷாத்லியா எம்னாவைக் குப்புறப் படுக்கவைத்தாள். இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினாள். கையுறையை மாட்டி, தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு இழுப்பு, மறுபடி ஒரு இழுப்பு. ஒன்றும் வரவில்லை. கையை எடுத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இது புதுத் தோலா இருக்கு. பச்சைப்புள்ளைத் தோலு மாதிரி. தேய்க்கட்டுமா, வேணாமா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"என்ன கேள்வி இது?" என்றாள் ஸக்கியா. "கல்யாணப் பொண்ணைத் தேய்க்காம அனுப்புவாங்களா? எதையாவது மறைக்கறீங்களா?"

எம்னா கல்லிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

7

முடிவு, முதல் வகை:

நான் எழுந்து நின்றேன். "தேய்க்காதீங்க" என்றேன். "இவளுக்குப் பிறந்ததிலிருந்து தோல் நோய் இருக்கு, பதினாலு மாசமா ஆறிட்டு வருது. இஷ்டம்னா கட்டிக்கங்க, இல்லேன்னா விடுங்க." ஸக்கியா தன் மேல் துண்டை எடுத்து எம்னாவின் மேல் போர்த்தினாள்.

6/20. "படிக்க நல்லா இருக்கு. நீங்க மட்டும் அங்க இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு தோணுது. ஆனா அங்கதானே இருந்தீங்க."

முடிவு, இரண்டாம் வகை:

நான் வாய் திறக்கவில்லை. ஷாத்லியாவுக்குப் புரிந்துவிட்டது. தலைக்குத் தேய்க்க ஊறவைத்திருந்த களிமண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, யாரோ தின்று மிச்சம் வைத்த ரொட்டியின் நடுப்பகுதியோடு பிசைந்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டாள். கையுறையை முதுகுக்கு ஒரு விரல் மேலே தூக்கி, கல்மேடையில் உரசிச் சத்தம் மட்டும் எழுப்பினாள். களிமண் திரி உருண்டு உருண்டு விழுந்தது. "பாருங்கடி, கல்யாணப் பொண்ணு அழுக்கு!" என்று தூக்கிக் காட்டினாள். பெண்கள் குலவையிட்டார்கள். எம்னா கல்லில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பை அடக்கினாள்.

எனக்கு இது மிகவும் பிடித்தது. இரண்டு நாள் இதை நம்பிக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன். களிம்பு டியூபோடு கூடையில் வைத்து இறக்கினேன்.

8/20. "இதுல மூணு மார்க் ஷாத்லியாவுக்கு. ஆனா இது ஷாத்லியா போன்ற ஒருத்தி. எனக்குப் போன்ற வேணாம், அத்தை."

டியூப் அப்படியே திரும்பி வந்தது.

8

நடந்தது இது.

நான் "தேய்ங்க" என்றேன்.

ஷாத்லியா தேய்த்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. அழுத்தினாள். பத்தாவது இழுப்பிலோ என்னவோ வந்தது, மெல்லிசாக, சாம்பல் நிறத்தில், திரிதிரியாக. பெண்கள் குலவையிட்டார்கள். பதினான்கு மாதமாக ஒவ்வொரு நாளும் என் விரலால் நான் இடுக்கு இடுக்காக நிரப்பியது கல்மேடையில் உருண்டு, தண்ணீரோடு வாய்க்காலில் போனது. முதுகு முடிந்து கை, கை முடிந்து கால். பிறகு களிமண், பிறகு கடையில் வாங்கிய வாசனைச் சோப்பு.

சாயங்காலமே எரிந்தது. மறுநாள் மருதாணி வைத்தார்கள், அந்த எரிச்சலை என்னால் எழுத முடியாது. எழுதிப் பார்த்தேன், 'தீயில்—' என்று வந்தது, அடித்துவிட்டேன். மூன்றாம் நாள் முதுகு முழுக்க நீர் கசிந்தது. காய்ச்சல். கல்யாண நாளன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், பதினொரு நாள் இருந்தாள். அனீஸ் ஒருமுறை வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனான். அவன் வீட்டிலிருந்து ஒரு மாதம் கழித்து, மரியாதையாகத்தான், வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். எம்னா அதற்கு அழவில்லை. "போறவன் போகட்டும்மா, தோலும் திரும்ப வந்துடும்" என்று அவள் நஸீஹாவிடம் சொன்னது எனக்கு மேலே கேட்டது. என்ன திரும்பி வராது என்று அவள் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து என்னோடு பேசவில்லை.

ஷாத்லியா ஆஸ்பத்திரிக்கு ஒரு போத்தல் ஆலிவ் எண்ணெயோடு வந்தாள். கட்டில் ஓரத்தில் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கேட்டேனே, அக்கா" என்றாள். "கேட்டேன்ல?" நான் ஆமாம் என்றேன். அந்த ஆமாமை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இதை எழுதி, கடைசியில் காரணமும் எழுதினேன்: 'ஸக்கியா சந்தேகப்படுகிறாளே, கல்யாணம் நின்றுவிடுமே என்ற பயத்தில் சொல்லிவிட்டேன்.' கூடையை இறக்கினேன்.

இந்த முறை நாலு நாள் ஆயிற்று. இடையில் நஸீஹா மேலே வந்து கதவோரம் நின்றாள்.

"அண்ணி, என்னதான் எழுதிக் குடுத்தீங்க? அவ சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் திரும்பத் திரும்பப் படிக்கறா."

"திட்டறாளா?"

"திட்டினா தேவலையே. பேசாம படிக்கறா." கொஞ்சம் தயங்கினாள். "தப்பு என் மேலதான்னு எழுதிடுங்களேன். மறைக்கச் சொன்னது நான்தானே. உங்க ரெண்டு பேரையும் இப்படிப் பாக்க முடியல."

அவள் நல்லவள். அப்படியே எழுதிவிடும் ஆசை எனக்கு அரை நாள் இருந்தது.

கூடை வந்தது. 9.5/20. ஐம்பது பேர் வகுப்பில் அரை மார்க்குக்காகப் பிள்ளைகளை அழவிடுகிறவள் என்று அவளுக்குப் பேர் உண்டு. கீழே எழுதியிருந்தாள்:

"சொன்னது சரி. காரணம் பொய். உங்க முகத்தை நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பயந்த முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், இருபத்தேழு வருஷமா எங்கம்மா முகம் அதுதான். உங்க முகம் அப்படி இல்ல."

9

ஆறாவது எண்ணுக்குத் திரும்பிப் போங்கள். அங்கே இரண்டு இடத்தைத் திருத்த வேண்டும்.

"என்னத்தைப் போட்டு வளர்த்தீங்க, சம்பந்தி?" என்று ஸக்கியா கேட்டபோது நான் சொன்ன பதில் இது: "நான் செஞ்ச களிம்பு." செய்தேன் என்றே சொன்னேன். நான் செய்ததில்லை, சீட்டுத்தான் எழுதுகிறேன். பதினோரு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி எம்னாவின் தோளைத் தொட்டுப் பார்த்தாள், இன்னொருத்தி எனக்கும் ஒரு டியூப் வேண்டும் என்றாள். பத்தொன்பது வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

இரண்டாவது திருத்தம். "எதையாவது மறைக்கறீங்களா?" என்று ஸக்கியா கேட்கவில்லை. அதை அவள் வாயில் வைத்தவள் நான். தேய்க்கட்டுமா வேண்டாமா என்று ஷாத்லியா கேட்டதும் ஸக்கியா உண்மையில் சொன்னது:

"புள்ளைக்கு வேணாம்னா விடுங்களேன். தண்ணிய ஊத்திக் கூட்டிட்டுப் போலாம். எனக்கே இங்க மூச்சு முட்டுது."

கதவு திறந்திருந்தது. அதைத் திறந்தது நான் வில்லியாக்கப் பார்த்த பெண். ஷாத்லியா கேட்டாள், ஸக்கியா விடச் சொன்னாள், எம்னா என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியது எதுவுமே இல்லை. தலையை ஆட்டினால் போதும்.

அப்போது களிம்பு கேட்டவள் சும்மா விளையாட்டுக்குச் சொன்னாள்: "களிம்புல வந்த தோலா? அப்ப தேய்ச்சா போயிடும்!" எல்லோரும் சிரித்தார்கள். எம்னாகூட லேசாகச் சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது.

"போகாது" என்றேன். "தேய்ங்க, ஷாத்லியா. நல்லா அழுத்தித் தேய்ங்க. ஒரு திரி வராது பாருங்க."

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எம்னா பார்த்த முகம் அதுதான். பயம் இல்லை, கல்யாணக் கவலை இல்லை, அவளைப் பற்றிய நினைப்பே அதில் இல்லை. என் களிம்பு ஜெயிக்கப் போகிறது என்று ஒரு பந்தயக்காரி சிரித்தாள். அவள் முதுகு எனக்குச் சாட்சிப் பொருளாகத் தெரிந்தது. நாலாவது வரியை எழுதியவள் அதை மறந்துவிட்டுச் சொல்லவில்லை. நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு, அது ஊருக்குத்தான், எனக்கில்லை என்று நினைத்துச் சொன்னாள்.

முதல் திரி வந்தது. என் முகத்துக்கு இன்னும் செய்தி எட்டவில்லை, சிரிப்பு அப்படியே இருந்தது. இரண்டாவது திரி வந்தபோது எம்னா என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக் கல்லின் பக்கம் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். இரண்டு கையும் இரண்டு காலும் மிச்சம் இருந்தன. குலவைச் சத்தத்தில் நான் பையிலிருந்து உள்ளே எடுத்து வந்திருந்த ஒரு ஆரஞ்சை உரித்தேன், எதற்கென்றால் எங்காவது பார்க்க வேண்டியிருந்தது.

எம்னா, நான் சிரித்தேன். நீ சரியாகத்தான் பார்த்தாய்.

10

ஒன்பதாம் எண்ணைத் தனியாகப் பிரதி எடுத்து இன்று காலை கூடையில் வைத்து இறக்கினேன். களிம்பு வைக்கவில்லை. இத்தனை தடவை ஏன் வைத்தேன் என்று இப்போது புரிகிறது. இன்னும் ஜெயிக்கப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பத்தாம் எண் அவளுக்கு இல்லை, உங்களுக்கு மட்டும். பால்கனியில் நாற்காலி போட்டு, கயிற்றின் நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இதை எழுதுகிறேன். காப்பிப் பாத்திரத்தைக் கழுவி அடுப்பின் மேல் வைத்திருக்கிறேன், பற்றவைக்கவில்லை. கீழே சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. தாள் படிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். கிழிக்கப்பட்டும் இருக்கலாம், கிழிக்கிற சத்தம் மாடிக்குக் கேட்காது.

உங்களுக்கு இதற்குள் ஒரு மார்க் தோன்றியிருக்கும். அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பத்து போட்டாலும் அது எனக்குச் செல்லாது, சைபர் போட்டாலும் செல்லாது. அவள் மேலே வந்தாள் என்று எழுத எனக்கு அரை நிமிஷம் போதும், இரண்டு வகையாகக்கூட எழுதுவேன். அந்த மாதிரி முடிவுகளை ஏற்கெனவே இரண்டு எழுதி ஆறும் எட்டும் வாங்கியிருக்கிறேன்.

இப்போது கீழே கதவுத் தாழ் விலகிற்று. எம்னாவின் செருப்பு. கூடை இருக்கிற பக்கம் போக இடது கைப் பக்கம் திரும்ப வேண்டும், மாடிப்படிக்கு வலது. செருப்புச் சத்தம் வாசலில் நின்றிருக்கிறது. என் மணிக்கட்டில் கயிறு இன்னும் அசையவில்லை, அவள்—